தலை ஆடிக்கு ஒரு நெட் லைன்

என் கணவருக்கு ஒரே பொருளுக்கு இரண்டு தடவை காசு கொடுப்பதைப் போல வயிற்றெரிச்சல் தரும் காரியம் உலகத்தில் வேறொன்றுமில்லை. ஒருமுறை பெரிய மார்க்கெட் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு டோக்கனைத் தொலைத்துவிட்டார். மறுபடி காசு கட்டச் சொன்னார்கள். மனிதர் கட்டவில்லை. காய்க்கடை, மீன்கடை, பூக்கடை என்று வந்த வழியெல்லாம் குனிந்துகொண்டே திரும்பிப் போய், வெற்றிலை விற்கிற அம்மாவின் கூடைக்கு அடியிலிருந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அதற்குள் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு, பேரம் பேசி, திருப்பியும் அனுப்பிவிட்டேன்.

அப்படிப்பட்டவர்தான் போன வருஷம் ஆனி மாதத்தில் வீட்டு நெட் கம்பெனியை மாற்றக் கிளம்பினார். காரணம், பாப்பா. பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. எங்கள் ஒரே மகள். வைகாசியில் கல்யாணம் முடிந்து சென்னைக்குக் குடித்தனம் போனவள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து மாதம் முடியும்வரை வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். தலை ஆடி என்போம். பாப்பா வேலை பார்க்கிற கம்பெனிக்குத் தலை ஆடியும் தெரியாது, தலைதீபாவளியும் தெரியாது. ஆனாலும் அவளுடைய மேனேஜர் பெரிய மனசு பண்ணி, அந்த ஒரு மாதம் அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். நெட் மட்டும் ஒழுங்காக இருக்கவேண்டுமாம்.

எங்கள் வீட்டு நெட்டோ, மேகம் கறுத்தாலே படுத்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அவ்வப்போது வீட்டிலிருந்து வேலை பார்த்தபோதே பாப்பா அதோடு படாத பாடு பட்டாள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு குறுகல். இரண்டு பக்கமும் மாடி மேல் மாடியாகக் கட்டிவிட்டார்கள். போனுக்கு டவரும் சரியாகக் கிடைக்காது. ஒரு மாதம் என் பெண் என்னோடு இருப்பாளா மாட்டாளா என்பது ஒரு வயரை நம்பி இருந்தது. அவள் போனதிலிருந்து வீடு எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"பதினாறாம் தேதியோட பழசு முடியுது. அன்னிக்கே புதுசு வந்துடும். நடுவுல ஒரு நாளு கூட ரெண்டு பில்லு கிடையாது," என்று சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் ரசத்தால் கோடு போட்டுக் காட்டினார் இவர்.

"ஒரு மாசம் ரெண்டும் இருந்துட்டுப் போவட்டுமே. இன்னா குடி முழுகிடும்?"

"ஒரு வீட்டுக்கு எதுக்குடி ரெண்டு லைனு? ரெண்டு பொண்டாட்டி கட்டிகிட்ட மாதிரி."

"ஒருத்தி பேசறதே உங்க காதுல ஏறல. இதுல ரெண்டாவது வேற," என்றேன்.

பதினாறு என்று அவர் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூலை பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் இவர் புதிதாக எதையும் தொடங்க மாட்டார். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். நாளெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர். ஆனால் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய செருப்பைப் பெட்டியோடு பரண்மேல் போட்டுவைத்து, ஆவணி பிறந்த பிறகு காலில் மாட்டியவர். பழைய பில் முடிகிற நாளும் ஆனி முடிகிற நாளும் ஒன்றாக வந்து நின்றதும் சாமியே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி அவருக்குச் சந்தோஷம்.

புது கம்பெனிக்குப் போன் போட்டார். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும். நான் மாவாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கிளிமாதிரிப் பேசினாள். இவர் அட்வான்ஸ் கட்டின விவரத்தையெல்லாம் சொல்லிவிட்டு, "இதோ பாரும்மா, மாசம் பொறக்கறதுக்குள்ள ஆளு வந்துடணும். அதுக்கப்புறம் வந்தா வேலைக்கு ஆவாது," என்றார்.

"கண்டிப்பா சார். மாசம் பொறக்கறதுக்குள்ள வந்துடுவாங்க சார்."

"மாசம் பொறந்துட்டா நான் லைன் இழுக்க மாட்டேன்."

"புரியுது சார். அதுக்கு முன்னாடியே முடிச்சுடுவோம் சார்."

இரண்டு பேருக்கும் அவரவர் தமிழ் நன்றாகப் புரிந்தது. போனை வைத்துவிட்டு, "எவ்ளோ மரியாதையா பேசுது பாரு," என்று என்னிடம் சொன்னார்.

எங்கள் ஊரில் பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினான்கு என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியவர்கள் மெடல் குத்திக்கொண்டு அணிவகுப்புக்குப் போவார்கள். அந்தச் சத்தமெல்லாம் அடங்கி இரண்டு நாளாயிற்று. பதினாறாம் தேதி காலையில் இவர் பழைய பெட்டியைக் கழற்றி, வயரைச் சுற்றி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குள் பெட்டி கைக்கு வராவிட்டால் அடுத்த மாத பில் விழுந்துவிடும் என்று பழைய கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அது போதாதா இவருக்கு? போய்க் கொடுத்து, ரசீது வாங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"சரண்டர் பண்ணியாச்சு," என்றார்.

"நீங்க என்னிக்கும் ஆனதில்ல. லைனாவது ஆவட்டும்," என்றேன் நான்.

மத்தியானம் ஆனது. சாயங்காலம் ஆனது. வாசலில் ஏணி, வயர் என்று ஒருத்தரும் வரவில்லை. மறுபடி போன், மறுபடி ஸ்பீக்கர். இந்தத் தடவை வேறொரு பெண்.

"உங்களுக்கு ஒண்ணாந்தேதிக்கு முன்னாடின்னு போட்டிருக்கு சார்."

"மாசம் பொறக்கறதுக்குள்ளன்னு சொன்னேனேம்மா!"

"ஆமா சார். இன்னிக்குப் பதினாறுதானே சார் ஆவுது? மாசம் பொறக்க இன்னும் நாள் இருக்கே."

"நாளைக்குப் பொறக்குதும்மா மாசம்!"

"நாளைக்குப் பதினேழு சார்," என்றாள் அந்தப் பெண், குழந்தைக்குச் சொல்வது போல.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவள் ஆகஸ்ட்டைச் சொல்கிறாள், இவர் ஆடியைச் சொல்கிறார். தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ பிறந்த பெண்ணாகத்தான் இருக்கும். அவள் வீட்டிலும் நாளைக்கு ஆடிப் பிறப்புக்குத் தேங்காய்ப்பால் காய்ச்சுவார்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மாதம் ஒன்றாம் தேதிதான் பிறக்கும் போலிருக்கிறது. இவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

ஆடி முதல் நாள் அமர்க்களமாகத்தான் நடந்தது. மாப்பிள்ளையும் பாப்பாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். போளி, வடை, தேங்காய்ப்பால், எல்லாருக்கும் புதுத்துணி. சாயங்காலம் மாப்பிள்ளை மட்டும் சென்னை பஸ் ஏறினார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார், பாவம். அவருக்கும் ஒரு மாதம் இவளில்லாமல் இருக்கவேண்டுமே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் பாப்பா லேப்டாப்பைத் திறந்தாள். நெட் இல்லை. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள்; ஹாலில் வரவில்லை, வாசலில் வரவில்லை; மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வந்தது. அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஆடிக் காற்று தலையைப் பிய்த்தது. வெயிலுக்கு நான் குடை பிடித்தேன். குடை என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. போதாததற்கு மாரியம்மன் கோயிலில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள். அவள் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மன் பாட்டுதான் முதலில் போனது. மீட்டிங்கில் யாரோ, "உங்க வீட்ல கல்யாணமா?" என்று கேட்டார்களாம்.

மத்தியானம் கீழே இறங்கி வந்தவளின் முகம் வாடியிருந்தது. "ம்மா, மேனேஜர் கோவமா எல்லாம் பேசல. ஆனா திங்கக்கிழமைக்குள்ள சரியாவலன்னா ஆபீசுக்கு வந்துடுங்கன்னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை நான் கிளம்பணும்."

ஒரு மாதம் என்று நினைத்தது நான்கு நாளாகச் சுருங்கிவிட்டது. சாயங்காலம் இவர் பட்டறையிலிருந்து வந்து ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"உங்க மாசம் பொறந்துச்சு, எம் பொண்ணு கிளம்பறா. சந்தோஷமா?"

"புது கம்பெனிக்காரன்கிட்ட சீக்கிரம் வரச் சொல்லியிருக்கேன்டி. ஆனா ஆடியில எப்டி..."

"ஆடிக்காகத்தான்ய்யா அவ வந்திருக்கா! ஆடிக்கு வந்தவளை ஆடியைச் சொல்லியே தொரத்துவீங்களா?"

கோபம் வந்தால் எனக்கு 'ய்யா' வந்துவிடும். அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நாளைக்குப் பழைய ஆபீசுக்குப் போய் அதையே திரும்பக் குடுக்கச் சொல்றேன்," என்றார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். புதியதற்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. இப்போது பழையதற்கும் கட்டவேண்டும். அந்த மனிதர் வாயிலிருந்து இந்தப் பேச்சா? எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாப்பா லீவு போட்டுவிட்டாள். இரண்டு பேரும் பஸ் பிடித்துப் பெரிய மார்க்கெட் போனோம். ஆடி வெள்ளிக்குப் பூக்கடையில் கால் வைக்க இடமில்லை. இடித்துத் தள்ளிக்கொண்டு நுழைந்து, எலுமிச்சம்பழமும் கதம்பமும் முருங்கைக்கீரையும் வாங்கினோம். கூட்டத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிடித்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விட்டுவிடுவாளோ என்று பயம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் வெறும் தரையில் படுத்தோம். லேப்டாப் மூடிக் கிடந்தது. அவளுக்கும் கண்டிப்பாகப் பார்க்கவேண்டிய திரை ஒன்றுமில்லை, எனக்கும் அடுப்பில் ஒன்றுமில்லை. கீரை உருவிய கை வாசனையோடு என் வயிற்றின்மேல் கையைப் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"அங்க எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்கம்மா. அத்தை ஒரு வேலை செய்ய வுட மாட்டாங்க. ஆனா எனக்கு எங்க உக்கார்றதுன்னே தெரியல. ஹால்ல உக்காந்தா விருந்தாளி மாதிரி இருக்கு. ரூம்ல உக்காந்தா, இன்னாடா இது கதவை மூடிகிட்டு உக்காந்திருக்காளேன்னு நெனைப்பாங்களோன்னு இருக்கு."

போனில் தினமும் பேசுகிறவள்தான். 'நல்லாயிருக்கேன்ம்மா, சாப்டேன்ம்மா' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்ததில்லை. "எனக்கு ஒரு அரிசி டின்னு இருந்துச்சு," என்றேன். "இந்த வூட்டுக்கு வந்த புதுசுல அடுப்பங்கரையில அது மேலதான் உக்காந்திருப்பேன். யாராவது வந்தா அரிசி எடுக்கற மாதிரி எழுந்துக்குவேன்."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அங்க டின்னே இல்லம்மா. எல்லாத்தையும் கதவு போட்டு உள்ள வச்சு மூடியிருக்காங்க." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் தலையைக் கோதிவிட்டேன். எண்ணெய் காணாமல் வறண்டு கிடந்தது. எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தேன்.

அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. புது கம்பெனியில் லைன் இழுக்கிற ஆள். "நாளைக்குக் காலையில உங்க ஏரியாவுலதான் வேலை. வந்துடவாம்மா? இல்லன்னா அடுத்த வாரம்தான் வர முடியும்."

எண்ணெய்க் கையோடு போனைக் காதில் பிடித்துக்கொண்டு எழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அந்த லைன் வேண்டாம் என்றிருந்தது. லைன் வந்தால் கதவு மூடிக்கொள்ளும். காலையிலிருந்து இருட்டும்வரை காதில் மாட்டிக்கொண்டு யார் யாரிடமோ பேசுவாள். இப்படித் தரையில் படுத்து என் வயிற்றில் கை போட்டுக்கொள்ள மாட்டாள். லைன் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மாதம் இருக்கிற பெண் வேண்டுமா, மடியில் இன்னும் ஒரே ஒரு நாள் இருக்கிற பெண் வேண்டுமா? என்ன அநியாயம் இது!

"வாப்பா," என்றேன். "கண்டிப்பா வா."

இவர் வீட்டுக்கு வந்தபோது முகம் செத்திருந்தது. பட்டறையில் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பழைய கம்பெனிக்குப் போயிருக்கிறார். சரண்டர் பண்ணியது பண்ணியதுதானாம். திரும்ப வேண்டுமென்றால் புதிதாக எழுதிக் கொடுக்கவேண்டுமாம். "அதுவும் புதுசுதான்னு சொல்லிட்டான்," என்றார். எந்தப் பக்கம் போனாலும் ஆடியில் புதுசு.

நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டு, நாளைக் காலையில் ஆள் வருவதைச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் தண்ணீரைக் குடித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பாப்பா எண்ணெய்த் தலையோடு, சின்னப் பிள்ளையில் படுப்பது போலவே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அட்வான்ஸ் எப்ப கட்டனோம்?"

"ஆனியில."

"காசு கட்டன நாளுதான் கணக்கு. ஆனியிலியே ஆரம்பிச்சாச்சு. நாளைக்கு வர்றவன் சும்மா வயரைத்தானே இழுக்கறான்?"

அடப்பாவி மனுஷா! முப்பது வருஷமாக ஆடியில் என்னை ஒரு புதுக் குக்கரை அடுப்பில் ஏற்ற விட்டதில்லை. ஆனியிலேயே காசு கட்டி வாங்கியதாக இருந்தாலும் ஆவணி வரை காத்திருக்கவேண்டும். ஆனாலும் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பாப்பா எழுந்துவிடுவாள் என்று தோசைக்கல்லைப் போடப் போய்விட்டேன்.

சனிக்கிழமை அந்த ஆள் ஏணியோடு வந்து சேர்ந்தது சரியாக ராகு காலத்தில். ஆடிக்கு வழி கண்டுபிடித்த மனிதருக்கு ராகு காலத்துக்கு வழி தெரியவில்லை. "மொதல்ல டீ சாப்புடு," என்றார். டீ முடிந்ததும், "முறுக்கு சாப்புடு." முறுக்கு முடிந்ததும் அவனுடைய ஊர், பிள்ளைகள், வண்டி மைலேஜ் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பத்தரை ஆவட்டும் சார், எங்க வூட்லயும் ராகு காலம் பாப்பாங்க," என்றான். பத்தரைக்குப் பிறகு இவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதுப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார். கற்பூரத்தையும் கொளுத்தியிருப்பார், பாப்பாதான், "அப்பா, அது உருகிடும்ப்பா," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. பாப்பா மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நான் ஞாயித்துக்கிழமை வரல," என்றாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவளுக்குக் கன்னம் சிவந்தது. எனக்கு அன்றைக்கு முழுக்கப் பாட்டுப் பாடவேண்டும் போலிருந்தது. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் என் பெண் வீட்டில் இருக்கப்போகிறாள்.

திங்கட்கிழமை காலையில் பாப்பா குளித்து, தலையைப் பின்னிக்கொண்டு, தன் பழைய அறையில் பழைய மேஜையில் போய் உட்கார்ந்தாள். கதவை ஒருக்களித்துவைத்தாள். நான் இஞ்சி தட்டிப் போட்டு டீ எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே இங்கிலீஷும் தமிழுமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தாமல் கொள்ளாமல் தெளிவாகக் கேட்டது அவள் குரல். ஒரு தடங்கல் இல்லை. நல்ல லைன்தான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே கதவருகில் நின்றேன். அந்தப் பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டிருக்கவேண்டும்.

"இல்ல, இல்ல, வீட்ல இல்ல," என்றாள் பாப்பா. "அம்மா வீட்ல இருக்கேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால்கூட இதே மேஜையிலிருந்து, இதே ஆட்களிடம், 'வீட்லதான் இருக்கேன்' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். டீ டம்ளர் கையைச் சுட்டது. மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை; அழுகை மட்டும் வந்தது. நானும் பிள்ளைச்சாவடியில் பிறந்து வளர்ந்த வீட்டை ஒரு நாள் முதல்முறையாக 'அம்மா வீடு' என்று யாரிடமோ சொல்லியிருப்பேன். யாரிடம், என்றைக்கு, ஒன்றும் ஞாபகமில்லை. அப்போது என் அம்மா எங்கே நின்றிருந்தாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.